தேதி குறித்தாயிற்று, ரத்தக்கட்டியைப் பற்றிக் கேட்டாயிற்றா?

புனேயின் சிவாஜி நகரில் ஆட்டோ ஏறி 'சஞ்செத்தி சௌக்' என்றால் ஓட்டுநர் மறுபேச்சுப் பேசமாட்டார். மேம்பாலமும் நெரிசலுமாக இருக்கும் அந்தச் சந்திப்புக்கு ஓர் எலும்பு மருத்துவமனையின் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. டாக்டர் காந்திலால் சஞ்செத்தி 1965-இல் தொடங்கிய மருத்துவமனை அது. தரையில் சப்பணமிட்டு உட்காரும் இந்தியர்களை மனத்தில் வைத்து 'இண்டஸ்' என்ற செயற்கை முழங்கால் மூட்டை உருவாக்கியவர் அவர். 2012-இல் பத்ம விபூஷண் பெற்றார். 1867-இல் திறக்கப்பட்ட சசூன் மருத்துவமனை, ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, வரிசையாகப் பெரிய தனியார் மருத்துவமனைகள் என்று புனேயில் மருத்துவத்துக்குக் குறைவில்லை. ஓய்வுபெற்றோர் விரும்பிக் குடியேறும் நகரம் என்ற பெயரும் அதற்கு உண்டு. அங்கே காலைநேரப் பூங்காக்களில் முழங்கால் வலிப் பேச்சு அடிபடுவதில் வியப்பில்லை.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் போகும் குடும்பங்கள் நிறையவே விசாரிக்கின்றன. எந்தக் கம்பெனி மூட்டு, எத்தனை வருடம் உழைக்கும், காப்பீடு எவ்வளவு தரும், மாடிப்படி எப்போது ஏறலாம் என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்குமுன் அதன் சராசரி விலை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். விலை பற்றிய விவாதம் அன்று வீடுவரை வந்தது, வரவேண்டியதுதான். ஆனால் உயிரையே எடுக்கக்கூடிய ஓர் ஆபத்தைப் பற்றிய கேள்வி அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. காலில் ரத்தம் கட்டி, அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி அது.

விபத்தில் எலும்பு முறிந்து வருபவருக்கு யோசிக்க நேரமில்லை. முழங்கால் மாற்றுக்கு வருபவருக்கு நேரம் இருக்கிறது. வலியோடு பல வருடம் வாழ்ந்து, மகன் லீவு போடும் வாரம் பார்த்து, பண்டிகை கழித்துத் தேதி குறிக்கிறார்கள். இரண்டு வாரமோ இரண்டு மாதமோ கையில் இருக்கிறது. ரத்தக்கட்டியைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் நடக்க வேண்டும்.

நின்றாலும் நடந்தாலும் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறிவர கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கிச் சிரைகளைப் பிழிய வேண்டும். கிணற்றடிக் கைப்பம்பு போல அது அடித்துக்கொண்டே இருந்தால்தான் ஓட்டம் இருக்கும். மயக்க மருந்தில் தசை தளர்ந்ததும் அது நின்றுவிடுகிறது. ஓட்டம் மந்தமாவது, ரத்தக் குழாயின் உட்சுவரில் காயம் படுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும் கட்டி உருவாக வழிசெய்யும். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1856-இலேயே இந்த வழியில் சிந்தித்தவர்; இன்றும் இந்த மூன்றையும் அவர் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். மூட்டு மாற்றில் மூன்றுமே ஒரே மேஜையில் கூடிவிடுகின்றன. தொடையை டூர்னிக்கெட் பட்டையால் இறுக்குகிறார்கள். எலும்பை அறுக்கும்போது உறைவைத் தூண்டும் பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இடுப்பு மூட்டைக் கழற்றித் திருப்பும்போது தொடைச் சிரை முறுக்கிக்கொள்கிறது.

கெண்டைக்கால் சிரைகளின் வால்வு மடிப்புகளில்தான் கட்டி பெரும்பாலும் தொடங்கும். பலருக்கு அது தானாகவே கரைந்துபோகிறது. சிலருக்கு முழங்காலைத் தாண்டித் தொடைவரை வளர்கிறது. அங்கிருந்து பிய்ந்தால் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்ளும். டாக்டர்கள் 'டிவிடி', 'எம்போலிசம்' என்று பேசிக்கொள்வது இந்த இரண்டையும்தான்.

நவீன இடுப்பு மூட்டு மாற்றின் தந்தை எனப்படும் ஜான் சார்ன்லி இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962 முதல் 1973 வரை செய்த 7,959 அறுவைகளின் கணக்கு 1977-இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேருக்கு நுரையீரலில் கட்டி. நூற்றுக்கு ஒருவர் அதனாலேயே இறந்தார். நடக்க முடியாமல் வந்தவர்களை நடக்கவைத்த ஓர் அற்புதமான சிகிச்சைக்கு நூறில் ஓர் உயிர் விலையாகப் போய்க்கொண்டிருந்தது. இன்று மரணங்கள் அதைவிடப் பல மடங்கு குறைந்துவிட்டன. நோயாளியை மறுநாளே எழுப்பி நடக்கவிடுவது, முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வது, அறுவை நேரம் சுருங்கியது, தடுப்பு மருந்து என்று அதற்குப் பல காரணங்கள்.

இந்தக் கதையில் இந்தியர்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒருவர் உண்டு. விஜய் வீர் கக்கர், இந்திய வம்சாவளி அறுவை நிபுணர். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் வேலை பார்த்தார். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தில் கதிரியக்க அயோடினை ஏற்றி உடலில் செலுத்தினால் அது புதிதாக உருவாகும் கட்டியில் போய்ச் சேரும்; காலுக்குமேல் கருவியை வைத்துப் பார்த்தால் கட்டி எங்கே, எப்போது தோன்றுகிறது என்று தெரிந்துவிடும். இந்த முறையில் 132 அறுவை நோயாளிகளை அவரும் சகாக்களும் தொடர்ந்து கவனித்து 1969-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 40 பேருக்குக் கட்டி உருவாகியிருந்தது. அதில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது அறுவை முடிந்த உடனேயே காலில் இருந்தது. அதாவது வார்டில் நாள்கணக்கில் படுத்துக்கிடந்ததால் வந்ததல்ல, மேஜைமீதே தொடங்கிவிட்டது.

அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சிதான் கக்கரின் அடுத்த பெரிய வேலை. பல நாடுகளில் 4,121 அறுவை நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசி குறைந்த அளவில், அதுவும் அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிப் போடப்பட்டது. ஊசி போடாதவர்களில் 16 பேர் நுரையீரல் கட்டியால் இறந்தார்கள். ஊசி போட்டவர்களில் இறந்தவர்கள் 2 பேர். 1975-இல் வந்த இந்த முடிவு உலகெங்கும் அறுவை அரங்குகளின் பழக்கத்தை மாற்றியது. லண்டனிலும் பின்னர் பெங்களூருவிலும் ரத்த உறைவு ஆய்வுக்கென்றே நிறுவனங்கள் வரக் காரணமாக இருந்தவரும் அவர்தான். ஆனாலும் அந்த ஆய்வில் பெரும்பாலோர் வயிறு முதலான பொது அறுவைக்கு வந்தவர்கள். இடுப்பு, முழங்கால் அறுவைகளுக்கு அந்தச் சிறு அளவு ஹெபாரின் போதவில்லை என்று பிறகு தெரிந்தது. எனாக்ஸாபரின் போன்ற அடுத்த தலைமுறை ஊசிகள் அந்த இடத்தைப் பிடித்தன.

இந்தியாவில் வெகுகாலம் ஒரு நம்பிக்கை ஓடியது: ரத்தக்கட்டி வெள்ளைக்காரர்களின் நோய், நம் ஆட்களுக்கு வராது. அதற்கு ஒரு காரணம் இல்லாமல் இல்லை. ரத்தம் எளிதில் உறையச் செய்யும் 'ஃபாக்டர் ஃபைவ் லெய்டன்' என்ற மரபணு மாற்றம் ஐரோப்பியர்களில் நூற்றுக்கு நாலைந்து பேருக்கு உண்டு. இந்தியர்களிடம் அது மிகக் குறைவு. ஆனால் மரபணு ஒரு காரணம் மட்டுமே. மும்பை ஹிந்துஜா மருத்துவமனையில் டாக்டர் சஞ்சய் அகர்வாலாவும் சகாக்களும் காலில் பெரிய அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சிரைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வில், தடுப்பு மருந்து பெறாதவர்களில் 60 சதவீதத்தினருக்கும் பெற்றவர்களில் 43 சதவீதத்தினருக்கும் கட்டி தென்பட்டது. அதிர்ச்சி தரும் எண்தான். ஆனால் இதில் பெரும்பாலானவை வலியோ வீக்கமோ தராமல் வந்து மறையும் சிறு கட்டிகள். தொந்தரவு தந்து வெளிப்படுபவை நூற்றில் ஒன்றிரண்டே என்பதால்தான் 'நான் பார்த்ததே இல்லை' என்று ஒரு டாக்டர் நேர்மையாகவே சொல்ல முடிகிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் 1996 முதல் 2005 வரையிலான பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, சேர்க்கப்பட்ட 10,000 நோயாளிகளில் சுமார் 17 பேருக்குக் கால் சிரையில் கட்டி உறுதியாகியிருந்தது. நாடு முழுவதும் என்ன நடக்கிறது என்பதை 'எண்டோர்ஸ்' ஆய்வு காட்டியது. உலகில் 32 நாடுகளில் நடந்த அந்த ஆய்வின் இந்தியப் பகுதியில் 10 மருத்துவமனைகளும் 2,058 நோயாளிகளும் இடம்பெற்றார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ரத்தக்கட்டி ஆபத்தில் இருந்தார்கள். அந்த ஆபத்தில் இருந்தவர்களுக்குள் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பைப் பெற்றவர்கள் 17.4 சதவீதம் மட்டுமே. உலக சராசரியோ 50 சதவீதம். ஆய்வு நடந்து வருடங்கள் பல ஓடிவிட்டன, நிலைமை முன்னேறியிருக்கும். ஆனாலும் இந்த இடைவெளி லேசில் மறக்கக்கூடியது அல்ல.

அப்படியானால் தேதிக்கு முன்பு செய்ய வேண்டியது என்ன? அமெரிக்க அறுவை மருத்துவர் ஜோசப் கப்ரினி வகுத்த மதிப்பெண் பட்டியல் ஒன்று பல நாடுகளில் புழங்குகிறது. ஒரு பக்கத் தாள். 5 மதிப்பெண் வந்தாலே அதிக ஆபத்துப் பிரிவு. இடுப்பு அல்லது முழங்கால் மாற்று அறுவைக்கே அதில் 5 மதிப்பெண். மேஜையில் ஏறும் ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறார் என்று அர்த்தம். புனேயின் கோத்ரூடிலோ மதுரையின் கே.கே. நகரிலோ வசிக்கும் 66 வயதுப் பெண்மணி ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். வயதுக்கு 2, உடல் பருமனுக்கு 1, காலில் புடைத்து நெளியும் வெரிகோஸ் சிரைக்கு 1, கால் வீக்கத்துக்கு 1. அறுவைக்கான 5-ஐயும் சேர்த்தால் மொத்தம் 10. அவருக்கோ உடன்பிறந்தவருக்கோ முன்பு ரத்தம் கட்டிய வரலாறு இருந்தால் இன்னும் 3 கூடும்.

அந்தக் கடைசி வரிதான் குடும்பங்கள் சொல்லாமல் விட்டுவிடும் வரி. 'பிரசவத்துக்கு அப்புறம் அக்காவுக்கு ஒரு கால் மட்டும் தூண் மாதிரி வீங்கிச்சு, ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா' என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முழங்கால் டாக்டரிடம் அதைச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கேட்டால்தானே சொல்வார்கள்.

கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையோ மாதவிடாய் நின்றபின் தரும் ஹார்மோன் மாத்திரையோ சாப்பிடுபவர்கள், அறுவைக்கு நான்கு வாரம் முன்பு அதை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் பேச வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. இது முந்தைய நாள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல. புற்றுநோய் சிகிச்சை, சமீபத்தில் நாள்கணக்கில் படுக்கையில் கிடந்தது ஆகியவையும் கணக்கில் வரும். மகாராஷ்டிரத்தின் முதல் கோவிட் தொற்று 2020 மார்ச் 9-இல் உறுதியானது புனேயில்தான். அந்தப் பெருந்தொற்றும் ஒரு பாடம் தந்தது. தொற்று வந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு வாரம் கழித்து அறுவை செய்வது நல்லது என்று 116 நாடுகளின் தரவைத் திரட்டிய ஆய்வு 2021-இல் கூறியது. அறுவைச் சமயத்தில் தொற்று இருந்தவர்களுக்கு ரத்தக்கட்டியும் அதிகமாக வந்தது.

புனே ஒரு ராணுவ நகரமும்கூட. தெற்குக் கட்டளையின் தலைமையகம் அங்கே இருக்கிறது. உயர்ந்த மலைப் பகுதிகளில் நீண்ட நாள் பணியாற்றும் வீரர்களுக்கு ரத்தக்கட்டி வாய்ப்பு சுமார் 30 மடங்கு என்று நம் ராணுவ மருத்துவர்கள் 2001-இல் எழுதினார்கள். பனிமலையிலிருந்து இறங்கிவந்து மூட்டுச் சவ்வு கிழிசலுக்கு அறுவைக்குப் போகும் வீரரிடம் 'எங்கே போஸ்டிங் இருந்தீர்கள்?' என்று கேட்பதும் மருத்துவக் கேள்விதான்.

பயணத்தையும் சொல்ல வேண்டும். ஹிஞ்சேவாடியின் ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள், அம்மாவின் அறுவையைத் தங்கள் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ளப் புனேக்கு அழைத்துவருவது உண்டு. கன்னியாகுமரியிலிருந்து புனேக்கு வரும் ரயில் ஒன்றரை நாள் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தாலே ரத்தக்கட்டி ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. ஆரோக்கியமானவருக்கு அது மிகச் சிறிய ஆபத்துதான், பயணத்துக்கே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வலிக்கும் முழங்காலோடு பெர்த்தைவிட்டு இறங்காமல் வந்து, மறுநாளே அட்மிட் ஆவதைத் தவிர்க்கலாம். சில நாள் முன்கூட்டியே வந்து, நடமாடிவிட்டுப் போகலாம்.

எல்லோருக்கும் முன்கூட்டியே கால் சிரைகளைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். தேவையில்லை. அறிகுறி எதுவும் இல்லாத எல்லோருக்கும் எடுத்தால், தானே கரையப்போகும் சிறு கட்டிகளுக்கெல்லாம் மருந்து கொடுத்து, அந்த மருந்தால் ரத்தக்கசிவை வரவழைத்துக்கொள்ள நேரிடும். ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பவர், முன்பு கட்டி வந்தவர், வாரக்கணக்கில் படுத்தே கிடந்தவர் என்று பொறுக்கி எடுத்துப் பார்ப்பதே அறிவு. ஸ்கேனில் புதிய கட்டி தெரிந்தால் அறுவையைத் தள்ளிவைக்க வேண்டும். கட்டி வந்து மூன்று மாதம் ஆகாதவருக்கு, தள்ளிப்போடக்கூடிய எந்த அறுவையையும் தள்ளிப்போடுவதே பொதுவான விதி. மூட்டு காத்திருக்கும்.

ஏற்கெனவே ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடுமுன் அந்த மருந்துகளைக் குறிப்பிட்ட மணிக்கணக்கில் நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் தண்டுவடத்தருகே ரத்தம் கசிந்து கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு வேறு. பக்கத்துவீட்டுக்காரர் ஐந்து நாள் நிறுத்தினார் என்று நாமும் நிறுத்துவது ஆபத்து. இதய டாக்டர், எலும்பு டாக்டர், மயக்க மருந்து டாக்டர் மூவரும் பேசி, நிறுத்தும் நாளையும் திரும்பத் தொடங்கும் நாளையும் தாளில் எழுதித்தர வேண்டும்.

எந்த மருந்து என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. விலை மலிந்த ஆஸ்பிரின் போதும் என்கிறது ஒரு தரப்பு. 2018-இல் வெளிவந்த கனடா ஆய்வு ஒன்றில் முதல் ஐந்து நாள் ரிவராக்ஸபான் மாத்திரையும் பிறகு ஆஸ்பிரினும் கொடுத்தவர்கள், முழுக்க ரிவராக்ஸபானே சாப்பிட்டவர்களுக்குச் சமமாகத் தப்பினார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவின் 31 மருத்துவமனைகளில் நடந்து 2022-இல் வெளிவந்த 'கிறிஸ்டல்' ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 3.45 சதவீதத்தினருக்குக் கட்டி வந்தது; எனாக்ஸாபரின் ஊசி பெற்றவர்களில் 1.82 சதவீதம். ஆஸ்பிரினே எல்லோருக்கும் போதும் என்று முடிவுகட்ட முடியாது என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. ஆபத்து குறைந்தவருக்கு ஆஸ்பிரின், கூடியவருக்கு ஊசியோ புது மாத்திரையோ என்று ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஆளைப் பார்க்க, முன்பே அந்த மதிப்பெண் தாள் நிரம்பியிருக்க வேண்டும்.

ஆளைப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜெரோம் கெர்சி 2015 பிப்ரவரியில் 52 வயதில் இறந்தார். சில நாள் முன்புதான் அவருக்கு முழங்காலில் அறுவை நடந்திருந்தது. கெண்டைக்காலில் உருவான கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் ஓடிய கால் அது. சிறு முழங்கால் அறுவைகளுக்குப்பின் எல்லோருக்கும் ஊசி போடுவதால் பலனில்லை என்று 2017-இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது; அதற்காக ஒருவரின் தனிப்பட்ட ஆபத்தை எடைபோடாமல் விடலாம் என்றாகாது.

வீட்டுக்குப் போனபிறகுதான் பெரும்பாலும் கட்டி வெளிப்படுகிறது. கலிஃபோர்னியாவில் எடுத்த ஒரு கணக்கின்படி, முழங்கால் மாற்றுக்குப்பின் இடைநிலை அளவாக 7-வது நாளிலும், இடுப்பு மாற்றுக்குப்பின் 17-வது நாளிலும் அது கண்டறியப்படுகிறது. நம் ஊரில் நான்கைந்து நாளில் டிஸ்சார்ஜ். வயிற்றில் போடும் ஊசியை யார் போடுவது, மாத்திரையை எத்தனை நாள் தொடர்வது என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் நாளின் பில் அவசரத்தில் அரைகுறையாகக் காதில் விழுகிறது. தையல் பிரித்ததும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. முழங்காலுக்கு இரண்டு வாரம், இடுப்புக்கு ஒரு மாதத்துக்கு மேல் என்பது பொதுவான அளவு. இதையும் அட்மிட் ஆவதற்கு முன்பே பேசி முடித்தால், வீட்டில் ஒருவராவது ஊசி போடக் கற்றுக்கொண்டிருப்பார்.

இங்கிலாந்தில் மருத்துவமனை வழியாக வரும் ரத்தக்கட்டியால் ஆண்டுக்கு 25,000 பேர் இறப்பதாக 2005-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று மதிப்பிட்டது. 2010-இல் அரசு ஒரு நிபந்தனை விதித்தது: சேரும் பெரியவர்களில் குறைந்தது 90 சதவீதத்தினருக்காவது ரத்தக்கட்டி ஆபத்தை மதிப்பிட்டுப் பதிய வேண்டும், எட்டாவிட்டால் பணத்தில் ஒரு பகுதி வராது. சில ஆண்டுகளில் மருத்துவமனைகள் 95 சதவீதத்தைத் தாண்டின. மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைக்க முடிந்த நம் அரசுக்கு, மூட்டு மாற்றுக்குக் காப்பீட்டுப் பணம் தரும் மாநிலத் திட்டங்களில் இப்படி ஒரு தாளைக் கட்டாயமாக்குவது முடியாத காரியமா? அந்தத் தாளுக்கு ஸ்கேனும் வேண்டாம், இறக்குமதியும் வேண்டாம்.

அதுவரை குடும்பங்கள் தாங்களே கேட்கலாம். எனக்கு ஆபத்து எவ்வளவு, எந்த மருந்து, எப்போது தொடக்கம், எத்தனை நாள், ரத்தக்கசிவு வந்தால் யாரை அழைப்பது என்று தேதி குறிக்கும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அறுவைக்குப்பின் முழங்கால் வீங்குவதும் கன்றிப்போவதும் சாதாரணம்தான். ஆனால் கெண்டைக்காலிலோ தொடையிலோ வீக்கமும் வலியும் நாளுக்கு நாள் கூடினால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், மயங்கி விழுந்தால் வாயுக்கோளாறு என்று சோடா கொடுத்து உட்கார்த்திவைக்கக் கூடாது. புனேயிலும் தமிழ்நாட்டிலும் ஆம்புலன்ஸ் எண் 108 தான். அழைக்கும்போது 'மூட்டு ஆபரேஷன் ஆகி இத்தனை நாள்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.